முதல் பாக்கெட்டிலிருந்து எல்லாவற்றையும் பிடித்தும் சாவி மட்டும் சிக்கவில்லையே, எப்படி?

இளமாறன்:

எல்லோருக்கும் வணக்கம். நெட்வொர்க் பிரிவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஒரு விஷயம் என்ன செய்தும் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) ஒன்று விடாமல் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டு, இதுவரை போகாத ஒரு தளத்தை பிரவுசரில் திறந்தேன். பழைய குக்கீ, கேஷ் எதுவும் இல்லை. டிசிபி ஹேண்ட்ஷேக் முடிந்து இணைப்பு ஏற்பட்டதும் என் பிரவுசரின் முதல் செய்தியான கிளையன்ட் ஹலோ போகிறது, பதிலாக சர்வர் ஹலோ வருகிறது. அடுத்து சேஞ்ச் சைபர் ஸ்பெக் என்று ஒரு வரி. அதற்கப்புறம் வருவதெல்லாம் அப்ளிகேஷன் டேட்டாதான், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியவில்லை.

என் கணினியும் அந்த சர்வரும் இதற்கு முன் பேசிக்கொண்டதே கிடையாது. இருவருக்கும் பொதுவான சாவி இல்லாமல் என்கிரிப்ஷன் நடக்காது. அப்படியானால் சாவி கம்பி வழியாகத்தான் போயிருக்க வேண்டும். கம்பியில் போனது ஒன்று விடாமல் என் ஃபைலில் இருக்கிறது. பிறகு ஏன் என்னால் படிக்க முடியவில்லை?

வீடியோக்களில் எல்லோரும் இரண்டு பெயின்ட் டப்பாவைக் கலந்து காட்டுகிறார்கள். பார்க்கும்போது தலையாட்டுகிறேன், மூடிய பிறகு ஒன்றும் நிற்பதில்லை. கணக்கு எங்கே நடக்கிறது என்று தெரிந்தால் போதும். கிளையன்ட் ஹலோவுக்குள் கீ ஷேர் என்ற இடத்தில் இரண்டு வரிசை பார்த்தேன்: ஒன்று 1216 பைட், இன்னொன்று 32 பைட். சர்வர் 32 பைட் மட்டும் திருப்பி அனுப்பியிருக்கிறது. இதெல்லாம் யார் கண்டுபிடித்தது, எப்போது என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.


வடமலை:

இளமாறன், சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். "சாவி கம்பி வழியாகத்தான் போயிருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, முடிச்சு அங்கேதான் இருக்கிறது. சாவி போகவில்லை. அதில் ஒரு பிட் கூடப் போகவில்லை. 1970களின் நடுப்பகுதி வரை இந்தத் துறையில் இருந்தவர்களும் உங்களைப் போலத்தான் நினைத்தார்கள். சாவியை நம்பகமான ஆள் கையில் கொடுத்தனுப்பாமல் ரகசியமாகப் பேச வழியே இல்லை என்பதை வெளியுலகில் அநேகமாக யாரும் கேள்வி கேட்கவில்லை.

பெயின்டை விடுங்கள். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

47 என்ற பகா எண்ணை எடுத்துக்கொள்வோம். அடி எண் 5. இரண்டும் ஊருக்கே தெரிந்தவை, மறைக்க ஒன்றுமில்லை. நீங்கள் மனதுக்குள் ஓர் எண் நினைக்கிறீர்கள், 9 என்று வையுங்கள். ஒன்பது ஐந்துகளைப் பெருக்கினால் 19,53,125. அதை 47ஆல் வகுத்தால் மீதி 40. இந்த 40ஐ மட்டும் சர்வருக்கு அனுப்புகிறீர்கள். சர்வர் தன் பங்குக்கு 13ஐ நினைத்திருக்கிறது. பதின்மூன்று ஐந்துகளைப் பெருக்கி 47ஆல் வகுத்தால் மீதி 43. அது உங்களுக்கு வருகிறது.

இப்போது வந்த 43ஐ, உங்கள் ரகசிய எண் 9 அல்லவா, ஒன்பது தடவை எழுதிப் பெருக்குங்கள். ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் 47ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் எண் பெருத்துப் போகாது. 43 பெருக்கல் 43 என்பது 1849, மீதி 16. 16 பெருக்கல் 16 என்பது 256, மீதி 21. 21 பெருக்கல் 21 என்பது 441, மீதி 18. இதுவரை எட்டு 43கள் ஆகிவிட்டன. இன்னும் ஒன்று சேர்த்தால் 18 பெருக்கல் 43, அதாவது 774, மீதி 22. நான்கே பெருக்கலில் முடிந்தது.

சர்வர் பக்கம் 40ஐப் பதின்மூன்று தடவை பெருக்கினால் என்ன வருகிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அதே 22 வரும். காரணம் எளிது. இருவரும் கடைசியில் பெருக்கியது 9 பெருக்கல் 13, அதாவது 117 ஐந்துகளை. யார் முதலில், யார் பிறகு என்பதுதான் வித்தியாசம். அந்த 22தான் சாவி. அது கம்பியில் எந்தத் திசையிலும் போகவில்லை. இரண்டு முனையிலும் தனித்தனியாகப் பிறந்தது.

ஒட்டுக்கேட்பவனிடம் இருப்பவை 47, 5, 40, 43. அவன் 40ஐயும் 43ஐயும் பெருக்கிப் பார்க்கலாம். 1720, மீதி 28. அது 22 இல்லை, ஏனென்றால் பெருக்கினால் அடுக்குகள் கூடும், 9உம் 13உம் சேர்ந்து 22 ஐந்துகள் ஆகும் (இந்த 22 வேறு, சாவியான 22 வேறு). அவனுக்கு வேண்டியது 117 ஐந்துகள். அதற்கு 9ஐயோ 13ஐயோ தோண்டி எடுத்தாக வேண்டும். 47 போன்ற சின்ன எண்ணில் 46 முயற்சிக்குள் எடுத்துவிடலாம். எண்ணைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் அந்த வழி அடைபட்டுவிடும்.

உங்கள் ஃபைலில் கிளையன்ட் ஹலோவில் பார்த்த அந்த 32 பைட் இருக்கிறதே, அதுதான் உங்கள் "40". சர்வர் ஹலோவில் உள்ள 32 பைட் அதன் "43". பக்கத்தில் எக்ஸ்25519 என்று எழுதியிருக்கும். இரண்டின் 255ஆம் அடுக்கிலிருந்து 19ஐக் கழித்தால் வரும் பகா எண்ணை வைத்து அமைத்த முறை என்பதால் அந்தப் பெயர்.

இனி யார் கண்டுபிடித்தது என்பது. இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பல இடங்களில் பாதிக் கதைதான் சொல்லப்படுகிறது.

1976 நவம்பரில் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேலே போட்ட கணக்கு அதிலிருந்து வந்ததுதான். கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2015ஆம் ஆண்டுக்கு இருவருக்கும் கிடைத்தது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1974ல் பெர்க்லியில் இளங்கலை படித்துக்கொண்டிருந்த ரால்ஃப் மெர்க்கல் என்ற மாணவர், ஒரு பாடத்துக்கான புராஜெக்ட்டாக இதே கேள்வியைக் கையில் எடுத்தார்: முன்பின் அறியாத இருவர், எல்லாவற்றையும் ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கும்போது, ரகசியம் ஒன்றை உருவாக்கிக்கொள்ள முடியுமா?

அவர் சொன்ன வழி இப்படி. ஒருவர் பத்து லட்சம் புதிர்களை அனுப்புகிறார். ஒவ்வொன்றும் கொஞ்சம் மெனக்கெட்டால் உடைக்கக்கூடியது, உள்ளே ஒரு வரிசை எண்ணும் ஒரு சாவியும் இருக்கும். எதிர்முனையில் இருப்பவர் குத்துமதிப்பாக ஒன்றை எடுத்து உடைக்கிறார், உள்ளே இருந்த வரிசை எண்ணை மட்டும் வெளிப்படையாகத் திருப்பி அனுப்புகிறார். அனுப்பியவருக்கு அந்த எண்ணுக்குரிய சாவி எதுவென்று தெரியும். ஒட்டுக்கேட்பவனுக்கோ அந்த எண் எந்தப் புதிருக்குள் ஒளிந்திருக்கிறது என்று தெரியாது, சராசரியாக ஐந்து லட்சம் புதிர்களை உடைத்தாக வேண்டும். என்ன ஓர் அழகான யோசனை! பெரிய கணிதம் எதுவும் வேண்டாம், இருபது வயதைத் தாண்டிய ஒரு மாணவரின் தலையில் உதித்தது.

பேராசிரியருக்கு அது பிடிபடவில்லை. மெர்க்கல் அந்தப் பாடத்தையே விட்டுவிட்டு யோசனையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார். இதழுக்கு அனுப்பினார், அன்றைய சங்கேதவியலின் போக்கோடு ஒட்டவில்லை என்று மதிப்பீட்டாளர் தள்ளினார். கட்டுரை அச்சேறியது 1978ல்தான், டிஃபி-ஹெல்மன் கட்டுரைக்கும் பிறகு. 1980ல் வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமையில் ஹெல்மன், டிஃபி, மெர்க்கல் என்று மூவர் பெயரும் இருக்கிறது. இந்த முறைக்குப் பெயர் வைப்பதானால் மெர்க்கலின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று ஹெல்மனே 2002ல் எழுதினார். நான் புதியவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது மூன்று பெயரையும் சொல்லாமல் இருப்பதில்லை. நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.


கயல்:

வடமலை ஐயா சொன்ன கணக்கில் ஒரு சின்ன இணைப்பு. நான் கணிதம் படித்தவள், அதனால் "பெரிதாக்கினால் அடைபட்டுவிடும்" என்ற இடத்தை விட்டுவிட மனம் வரவில்லை.

முன்னே போவது ஏன் எளிது? மேலே ஐயா 43ஐ எட்டு தடவை பெருக்க மூன்றே வர்க்கம்தான் எடுத்தார், கவனித்தீர்களா? ஒவ்வொரு படியிலும் அடுக்கு இரட்டிப்பாகிறது. ரகசிய எண் 255 பிட் நீளம் என்றால் சுமார் 255 படிகள் போதும், ஒரு கைப்பேசி கண் இமைப்பதற்குள் முடித்துவிடும். திரும்பி வர அப்படி ஒரு குறுக்கு வழி கிடையாது. எக்ஸ்25519க்கு இன்று தெரிந்த சிறந்த வழியில் போனாலும் இரண்டின் 126ஆம் அடுக்கு அளவுக்குப் படிகள் வேண்டும். அது 38 இலக்க எண். இத்தனைக்கும் "குறுக்கு வழி இல்லவே இல்லை" என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. உலகமே தேடியும் கிடைக்கவில்லை என்பதுதான் நம் நம்பிக்கைக்கு ஆதாரம்.

இன்னொன்று, எக்ஸ்25519ல் சாதாரணப் பெருக்கல் இல்லை. ஒரு வளைகோட்டின் மேல் உள்ள புள்ளிகளை ஒரு விதிப்படி கூட்டுகிறோம். விக்டர் மில்லரும் நீல் கோப்லிட்ஸும் 1985ல் தனித்தனியாக முன்வைத்த யோசனை அது. சாதாரண மீதிக் கணக்கில் சுமார் 3072 பிட் எண் தேவைப்படும் இடத்தில், வளைகோட்டில் 256 பிட்டுக்குள் வேலை முடிகிறது. அதனால்தான் 32 பைட்.

வரலாற்றில் மெர்க்கலைச் சொன்னது மனதுக்கு நிறைவாக இருந்தது. அதே நியாயப்படி இன்னும் மூவரைச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் ஜிசிஹெச்க்யூ உளவு அமைப்பில் வேலை பார்த்த ஜேம்ஸ் எல்லிஸ், 1970லேயே "முன்கூட்டிச் சாவி பரிமாறாமல் ரகசியம் அனுப்ப முடியும்" என்று உள்ளுக்குள் ஓர் அறிக்கை எழுதினார். போர்க்காலத்தில் பெல் ஆய்வகத்தில் யாரோ எழுதிய ஒரு தொலைபேசித் திட்டம் அவர் கண்ணில் பட்டிருந்தது. கேட்பவர் தன் பக்கமிருந்து கம்பியில் இரைச்சலைச் சேர்ப்பார், பேச்சு வந்ததும் தான் சேர்த்த இரைச்சலைக் கழித்துக்கொள்வார். நடுவில் கேட்பவனுக்கு இரைச்சல்தான் மிஞ்சும். ரகசியம் காப்பதில் பெறுபவரும் பங்கெடுக்கலாம் என்ற பொறி எல்லிஸுக்கு அங்கேதான் கிடைத்தது.

ஆனால் அதற்கு ஏற்ற கணக்கு அவரிடம் இல்லை. 1973ல் புதிதாக வேலைக்கு வந்த கிளிஃபோர்ட் காக்ஸ் அதைக் கண்டுபிடித்தார். பின்னால் 1977ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் கண்டுபிடித்து ஆர்எஸ்ஏ என்று பெயர் பெற்ற முறையின் ஒரு வடிவம் அது. அலுவலக விஷயத்தை வீட்டில் எழுதிவைக்கக் கூடாது என்பது விதி, எனவே மனதுக்குள்ளேயே போட்டு முடித்தாராம். 1974ல் மால்கம் வில்லியம்சன், டிஃபி-ஹெல்மன் கணக்கையே எட்டிவிட்டார். எல்லாம் அலமாரிக்குள் போயின. 1997 டிசம்பரில்தான் அதை வெளியே சொன்னார்கள். எல்லிஸ் அதற்குச் சில வாரங்களுக்கு முன், நவம்பரில் இறந்துவிட்டார். அவர் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.


இளமாறன்:

வடமலை ஐயாவுக்கும் கயல் அக்காவுக்கும் நன்றி. 40ஐப் பதின்மூன்று தடவை பெருக்கிப் பார்த்தேன், 22 வந்தது! இப்போதுதான் உள்ளே இறங்குகிறது.

ஆனால் அதே காகிதத்தில் இன்னொரு சிக்கல் வந்தது. ஒட்டுக்கேட்பவன் சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் சரி. நடுவில் உட்கார்ந்துகொண்டு என் 40ஐப் பிடித்து வைத்துவிட்டு, தன்னுடைய எண் ஒன்றை சர்வருக்கு அனுப்பினால்? அதேபோல் சர்வரின் 43ஐ நிறுத்திவிட்டு எனக்குத் தன் எண்ணைத் தந்தால்? என்னோடு ஒரு சாவி, சர்வரோடு ஒரு சாவி என்று இரண்டு பக்கமும் அவன் பேசிக்கொண்டிருப்பான். எங்கள் இருவருக்கும் தெரியவே தெரியாதே?


வடமலை:

ஆமாம், தெரியாது. இந்தக் கணக்கு மட்டும் கையில் இருந்தால் நீங்கள் முகம் தெரியாத ஒருவரோடு மிகப் பத்திரமாகப் பேசிக்கொண்டிருப்பீர்கள், அவர் யார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வேலைக்கு வரும் புதியவர்களில் பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். நீங்களாகவே இரண்டாம் பாதிக்கு வந்துவிட்டீர்கள்.

அங்கேதான் கையொப்பம் வருகிறது. டிஜிட்டல் கையொப்பம் வேண்டும் என்ற யோசனை டிஃபி-ஹெல்மன் கட்டுரையிலேயே இருந்தது, நடைமுறைக்கு ஏற்ற வழிதான் இல்லை. அதைத் தந்தது ஆர்எஸ்ஏ. அதில் ஒருவருக்கு இரண்டு சாவி: தன்னிடமே வைத்திருக்கும் தனிச்சாவியால் கையொப்பமிடுவார், ஊருக்கே தெரிந்த பொதுச்சாவியால் யாரும் அதைச் சரிபார்க்கலாம். இந்தப் பொதுச்சாவி இன்னாருடையது என்று மூன்றாமவர் ஒருவர் கையொப்பமிட்டுத் தரும் "சான்றிதழ்" என்ற ஏற்பாட்டை முன்வைத்தவர் லோரன் கோன்ஃபெல்டர், 1978ல், எம்ஐடியில் இளங்கலை ஆய்வேடாக. மெர்க்கலைப் போலவே இங்கும் ஓர் இளங்கலை மாணவர்தான், பாருங்கள்.

உங்கள் ஃபைலில் சான்றிதழைத் தேடினால் கிடைக்காது. பிரவுசரும் சர்வரும் இப்படிப் பூட்டிப் பேசுவதற்கான நெறிமுறைதான் டிஎல்எஸ், அதன் 1.3 பதிப்பில் சர்வர் ஹலோ முடிந்த கையோடு சாவி பிறந்துவிடுகிறது, சான்றிதழே அந்தச் சாவிக்குள் மறைந்துதான் வருகிறது. முதல் "அப்ளிகேஷன் டேட்டா" என்று நீங்கள் பார்த்ததில் அதுவும் அடக்கம். அதைத் தொடர்ந்து சர்டிஃபிகேட் வெரிஃபை என்று ஒரு செய்தி வரும். கிளையன்ட் ஹலோவிலிருந்து சான்றிதழ் வரை, அதுவரை பேசிய அத்தனையையும் ஒரு ஹாஷாக, அதாவது கைரேகை போன்ற ஒரு சிறு எண்ணாகச் சுருக்கி, அதன்மேல் சர்வர் தன் தனிச்சாவியால் கையொப்பம் இடுகிறது. நடுவில் இருப்பவன் 43ஐ மாற்றியிருந்தால் உங்கள் பக்கத்து ஹாஷும் சர்வர் பக்கத்து ஹாஷும் ஒத்துப்போகாது. பிரவுசர் அந்த இடத்திலேயே இணைப்பை முறித்துவிடும்.

சேஞ்ச் சைபர் ஸ்பெக் பற்றி ஒரு வரி. 1.3ல் அதற்கு ஒரு வேலையும் இல்லை. பேச்சு பழைய பதிப்பு மாதிரித் தெரியாவிட்டால் இணைப்பையே வெட்டிவிடும் சாதனங்கள் வழியில் நிறைய இருந்ததால், அவற்றைத் தாண்டிப் போவதற்காகச் சேர்த்தது. ஹலோவில் பதிப்பு 1.2 என்று காட்டுவதும் அதற்காகத்தான். உண்மையான பதிப்பு சப்போர்ட்டட் வெர்ஷன்ஸ் என்ற நீட்டிப்புக்குள் இருக்கும்.

சரி, சான்றிதழ் தருபவரே கெட்டுப்போனால்? 2011ல் அது நடந்தது. டிஜிநோட்டார் என்ற டச்சு நிறுவனத்துக்குள் ஊடுருவி ஐந்நூறுக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார்கள். அதில் கூகுளின் பெயருக்கு ஒன்று இருந்தது, அதைக் கொண்டு ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்களை ஒட்டுக்கேட்டார்கள். கூகுளின் சாவிகள் இவைதான் என்று குரோம் பிரவுசருக்குள்ளேயே பதித்து வைத்திருந்ததால் ஒருவருக்கு எச்சரிக்கை வந்தது, அவர் வெளியே சொன்னார், விஷயம் அம்பலமானது. அடுத்த மாதமே அந்த நிறுவனம் திவாலாகிவிட்டது.

மற்ற தளங்களுக்கு அப்படி எச்சரிக்கை வர வழியில்லை. அதனால் 2013ல் சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி என்ற ஏற்பாடு வந்தது. வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேட்டில் சேர்க்கலாம், அழிக்கவோ திருத்தவோ முடியாது. உங்கள் தளத்தின் பெயரில் யாராவது கள்ளச் சான்றிதழ் எடுத்தால் பதிவேட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். 2018 ஏப்ரலுக்குப் பிறகு வழங்கிய சான்றிதழ் இந்தப் பதிவேட்டில் ஏறாவிட்டால் குரோம் ஏற்பதில்லை.

அந்தப் பதிவேடு எதன்மேல் நிற்கிறது தெரியுமா? மெர்க்கல் மரம். அதே மெர்க்கல்தான், 1979ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டிரண்டு பதிவாக ஹாஷ் எடுத்து, அந்த ஹாஷ்களை மறுபடி இரண்டிரண்டாக இணைத்து, உச்சியில் ஒரே ஒரு ஹாஷ் வரும்வரை கட்டுவது. கீழே ஓர் எழுத்து மாறினாலும் உச்சி மாறிவிடும். பத்து லட்சம் சான்றிதழ் இருக்கும் பதிவேட்டில் உங்களுடையதும் இருக்கிறது என்று நிரூபிக்க 20 ஹாஷ்கள் போதும், 640 பைட். பெர்க்லியில் தள்ளிவிடப்பட்ட மாணவரின் வேலை, நீங்கள் திறந்த அந்த ஒரு பக்கத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 9ஐயும் 13ஐயும் இணைப்பு முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். முன்பு அப்படி இல்லை. டிஎல்எஸ் 1.2 வரை பல தளங்களில் பிரவுசரே ஒரு ரகசியத்தை உருவாக்கி, சர்வரின் ஆர்எஸ்ஏ பொதுச்சாவியால் பூட்டி அனுப்பும். நீங்கள் முதலில் நினைத்ததுபோல் ரகசியம் கம்பியில் போனது அந்த முறையில்தான். சர்வரின் தனிச்சாவி என்றைக்காவது கசிந்தால், பல வருடங்களுக்கு முன் பிடித்து வைத்த பாக்கெட் எல்லாம் ஒரேயடியாகத் திறந்துகொள்ளும். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் குறை வெளியானபோது, சர்வரின் நினைவகத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் 64 கிலோபைட் வரை உறிஞ்சலாம், தனிச்சாவியும் அதில் வரலாம் என்று தெரிந்ததும் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது எல்லோருக்கும் உறைத்தது. 2018 ஆகஸ்டில் வந்த டிஎல்எஸ் 1.3 அந்தப் பழைய முறையை அடியோடு நீக்கிவிட்டது.


நிலவன்:

எல்லாவற்றையும் படித்தேன், அருமை. இளமாறன் கேட்டதில் ஒன்று விடுபட்டிருக்கிறது. 32 பைட் சரி, அந்த 1216 பைட் என்ன? எங்கள் இடத்திலும் சமீபத்தில் கிளையன்ட் ஹலோ திடீரென்று பெருத்துவிட்டதைப் பார்க்கிறேன்.


கயல்:

அது குவாண்டம் கணினிக்கான முன்னேற்பாடு.

திரும்பி வரக் குறுக்கு வழி இல்லை என்றேன் அல்லவா, அது இன்றைய கணினிகளுக்கு. போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி ஒன்று வந்துவிட்டால் குறுக்கு வழி உண்டு என்று 1994ல் பீட்டர் ஷோர் காட்டிவிட்டார். ஆர்எஸ்ஏ, டிஃபி-ஹெல்மன், வளைகோடு மூன்றும் அந்த ஒரே வழியில் விழும். அப்படி ஒரு கணினி இன்னும் இல்லை. ஆனால் இன்றைக்குப் பாக்கெட்டைப் பிடித்துச் சேமித்து வைத்துவிட்டு, அது வரும் நாளில் திறக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு என்ன செய்வது? அதனால் சாவியை ஒப்புக்கொள்ளும் பகுதியை மட்டும் முந்திக்கொண்டு மாற்றுகிறார்கள். கையொப்பத்தை நிதானமாக மாற்றலாம், ஏனென்றால் முடிந்துபோன இணைப்பில் பின்னாளில் போய்க் கையொப்பத்தைப் போலி செய்து பயனில்லை.

அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் எம்எல்-கெம் என்ற முறையைத் தரமாக வெளியிட்டது. இங்கே பயன்படும் அளவில் அதன் பொதுச்சாவி 1184 பைட். அதோடு பழைய எக்ஸ்25519இன் 32 பைட்டையும் ஒட்டினால் 1216. இரண்டையும் சேர்த்தே சாவி உருவாகும், ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கும். இளமாறன் போன தளத்தின் சர்வருக்குப் புதிய முறை தெரியவில்லை, அதனால் 32 பைட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. தெரிந்திருந்தால் 1120 பைட் திருப்பி அனுப்பியிருக்கும்.

இரண்டையும் சேர்ப்பது வீண் பாரம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே நிஸ்ட் தேர்வில் சைக் என்ற முறை பல வருடம் நல்ல பெயரோடு இருந்தது. 2022ல் இரண்டு ஆய்வாளர்கள் சாதாரணக் கணினியின் ஒரே ஒரு கோரை வைத்து சுமார் ஒரு மணி நேரத்தில் அதை உடைத்தார்கள். குவாண்டம் கணினியே தேவைப்படவில்லை. புதிய கணக்குக்கு வயது போதாது. அது முதிரும்வரை பழையதைத் துணைக்கு வைத்துக்கொள்வதுதான் முறை.


வடமலை:

கயல் சொன்னதோடு நடைமுறையில் ஒன்று, நிலவனுக்கு. ஹலோ பெருத்ததால் அது ஒரு பாக்கெட்டுக்குள் அடங்குவதில்லை, இரண்டாகப் பிரிந்து போகிறது. எங்கள் இடத்தில் ஒரு வடிகட்டும் சாதனம், தளத்தின் பெயரை முதல் பாக்கெட்டில் மட்டும் தேடும். பெயர் இரண்டாவது பாக்கெட்டில் போய்விட்டால் இணைப்பை அப்படியே விழுங்கிவிடும், பிழைச்செய்தி கூட வராது. சில தளங்கள் மட்டும், அதுவும் சில நேரம் மட்டும் திறக்காது. பிரவுசரை அப்டேட் செய்தவர்களுக்கு மட்டும் நடக்கிறது என்று கவனித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. சாதனத்தின் மென்பொருளைப் புதுப்பித்ததும் சரியானது. உங்கள் இடத்தில் அப்படி ஏதாவது நடந்தால் பிரவுசரில் புதிய முறையை நிரந்தரமாக அணைத்து வைக்காதீர்கள், சாதனத்தைச் சரிசெய்யுங்கள்.

இளமாறன், உங்களுக்கு ஒரு பயிற்சி. எஸ்எஸ்எல்கீலாக்ஃபைல் (SSLKEYLOGFILE) என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் ஒரு ஃபைலின் பாதையைக் கொடுத்துவிட்டு பிரவுசரைத் திறங்கள். உங்கள் பக்கத்தில் பிறக்கும் சாவிகளை பிரவுசரே அதில் எழுதும். வயர்ஷார்க்கின் டிஎல்எஸ் அமைப்பில் அந்த ஃபைலைக் காட்டினால் உங்கள் பாக்கெட்டுகள் திறக்கும்.


இளமாறன்:

செய்து பார்த்தேன். அப்ளிகேஷன் டேட்டா என்று மூடிக்கிடந்த முதல் வரி விரிந்து என்கிரிப்டட் எக்ஸ்டென்ஷன்ஸ், சர்டிஃபிகேட், சர்டிஃபிகேட் வெரிஃபை, ஃபினிஷ்ட் என்று நான்காகப் பிரிந்தது. சான்றிதழுக்குள் இரண்டு வெவ்வேறு பதிவேடுகளின் நேரமுத்திரை இருக்கிறது. ஐயா சொன்ன மெர்க்கல் மரம் அங்கேதான் என்று புரிந்துகொண்டேன். முன்பு பிடித்த பழைய ஃபைலையும் இதே லாக்கைக் காட்டித் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. அந்த இணைப்பின் எண்கள் அப்போதே போய்விட்டன, சரிதானே?


வடமலை:

சரிதான். அந்தப் பழைய ஃபைல் இனி உங்களுக்கும் திறக்காது, அந்த சர்வருக்கும் திறக்காது. புதிய லாக் ஃபைலை வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள், வேரியபிளையும் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை பிரவுசர் திறக்கும் ஒவ்வொரு இணைப்பின் சாவியும் அதில் சேர்ந்துகொண்டே இருக்கும். அந்த ஃபைலும் பாக்கெட்டும் ஒருவர் கையில் சேர்ந்தால் எல்லாவற்றையும் படித்துவிடலாம்.